ஒரு பல்பு, ஒரு ஃபேன்

அந்தத் தெருவில் ஒட்டுச்சுவர் வைத்துக் கட்டிய சின்ன வீடுகள் பதினொன்று. பதினொன்றுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கச் செலவிலேயே மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்துத் தரப்போகிறார்கள். விண்ணப்பம் போட்ட வீடுகளுக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்வையிடுவார். அன்றைக்கு வீட்டில் ஒருவராவது இருக்கவேண்டும். இவ்வளவுதான் சேதி. அடியில் ஒரு முத்திரை, முத்திரைமேல் கோழி கிளறியது மாதிரி ஒரு கையெழுத்து.

கடைசிக்கு முந்தின வீட்டு இஸ்திரிக்காரி அதை மூன்று தடவை படித்துவிட்டு, துணி தேய்க்கிற மேஜைக்கு மேலே ஆணியில் குத்திவைத்தாள். மற்றவர்களுக்கு எப்படியோ, அவளுக்கு அது வெறும் காகிதம் இல்லை. முப்பத்திரண்டு வீட்டுத் துணி அவள் கையில் மடிந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டியோ ஆயிரம் வாட் பெட்டி. அது சூடேறும்போது தலைக்குமேல் ஓடுகிற ஃபேன்கூட கொஞ்சம் மரியாதையாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டி தின்ற கரண்டுக்குப் பில் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் மிஞ்சுவது விரல்தான். போன வருஷம் கட்டணம் ஏறியதும், தூரத்து வீடுகள் ஆறை விட்டுவிட்டாள். இன்னொரு தடவை ஏறினால் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, நாத்தனாரோடு சோப்புக் கம்பெனிக்குப் பொட்டலம் கட்டப் போகவேண்டியதுதான்.

போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் நாத்தனார்தான் மேஸ்திரி. புருஷனுக்கு மூத்தவள், வாய்க்கும் மூத்தவள். ஒருத்திக்கு வீட்டில் அடங்கிப் போவது போதாதா, வேலையிலும் அடங்கவேண்டுமா?

அதனால்தான் இந்தச் சோலார்மேல் அவளுக்கு அத்தனை ஆசை. தேய்ப்பதும் பகலில், வெயில் அடிப்பதும் பகலில். இதைவிடப் பொருத்தம் எந்தக் கல்யாணத்துக்கு அமையும்?

கடிதம் வந்த சாயங்காலம் நாத்தனார் கம்பெனியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் படித்தாள்.

"பார்வையிடுவார்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன தெரியுமா உனக்கு?"

"வந்து பார்ப்பாங்க அண்ணி."

"எதைப் பார்ப்பாங்க?"

"வீட்டைத்தான்."

"வீட்டுல எதை? உன் மூஞ்சியையா? என்னென்ன சாமான் இருக்குன்னு பார்ப்பாங்க. மறந்து போச்சா? மாடி ஒழுகினப்ப ரிப்பேருக்கு உதவி கேட்டோமே, அன்னைக்கு ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வந்த அதிகாரி மாடி ஒழுகுவதைப் பார்க்கவில்லை, நேராக மூலையில் நின்ற ஃபிரிட்ஜைப் பார்த்தார். இஸ்திரிக்காரியின் தம்பி புதுசு வாங்கிக்கொண்டு கழித்துவிட்ட பழைய ஃபிரிட்ஜ். கதவைச் சாத்த ஒரு உதை கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துவிட்டு, 'வசதியான குடும்பம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று மழைக்காலம் வசதியான குடும்பம் வசதியாகப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தது.

"ஒரு தடவை சூடு பட்டாச்சு. இந்தத் தடவை ஃபிரிட்ஜ் இந்த வீட்டுல இருக்கக்கூடாது," என்றாள் நாத்தனார். "டிவி கூடாது. மிக்ஸி கூடாது. பெட்டியும் கூடாது."

"பெட்டியுமா? அது என் தொழிலாச்சே அண்ணி!"

"அதனாலதான் சொல்றேன். தொழில் இருந்தா வருமானம் இருக்குன்னு அர்த்தம். விண்ணப்பத்துல உனக்கு என்ன எழுதியிருக்கு? 'வீட்டு வேலை'. அப்படியே இருக்கட்டும்." பிறகு தன் தம்பியைப் பார்த்தாள். "என்னடா பெயிண்டர், வாயில பிரஷ்ஷைக் கவ்விட்டிருக்கியா? சொல்லேன்."

இஸ்திரிக்காரியின் புருஷன் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவன். பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பான்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு எதைத் தூக்கணும்னு சொல்லுங்க. என் முதுகுக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம், ஃபிரிட்ஜை எதில் மறைப்பது? பக்கத்து வீட்டில்தான். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம், தெருவின் கடைசி வீட்டில், டீச்சர் தனியாக இருந்தாள். பள்ளிக்கூட வேலையெல்லாம் கிடையாது. வீட்டிலேயே கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். மூச்சிரைப்பு உண்டு. அதனால்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவரைத் துளைத்து ஒரு மணி வயர் போட்டிருந்தார்கள். டீச்சருக்கு முடியாமல் போனால் அந்தப் பக்கம் பொத்தானை அழுத்துவாள், இந்தப் பக்கம் மணி அடிக்கும், இஸ்திரிக்காரி ஓடுவாள்.

டீச்சரும் விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுக்கு வந்த கடிதத்தில் வியாழக்கிழமை. இவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை. நாத்தனார் கணக்கு அங்கேதான் பிறந்தது.

"செவ்வாய்க்கிழமை எங்க சாமான் உங்க வீட்டுல. வியாழக்கிழமை உங்க சாமான் எங்க வீட்டுல. எப்படி டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இது தப்பில்லையா?"

"தப்புதான். உங்க ஃபிரிட்ஜை எத்தனை மணிக்குத் தூக்கட்டும்?"

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தாள். அதில் பாதி அழித்த பின்னம் ஒன்று இருந்தது. "சரி, கொண்டுவாங்க. ஆனா யாராவது கேட்டா எனக்குப் பொய்யெல்லாம் கோவையா வராது."

"ஒண்ணும் சொல்லவேண்டாம். என்னுதுன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் வாயைத் திறக்காதீங்க."

"அது முடியும்," என்றாள் டீச்சர். "சொன்னா சொன்னதுதான்."

செவ்வாய்க்கிழமை காலையில் பெயிண்டர் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஃபிரிட்ஜைப் பின்கட்டு வழியாக நகர்த்தினார்கள். நடுவழியில் கதவு திறந்து, முட்டை மூன்று தரையில் விழுந்தன. "அதுங்களுக்கும் வெட்கமா இருக்கு," என்றான் பெயிண்டர். அடுத்து டிவி, மிக்ஸி. பிறகு தேய்க்கிற மேஜை, கம்பளி, மேல்விரிப்பு, இஸ்திரிப் பெட்டி. கடைசியில் துணி மூட்டைகள், தேய்த்தது ஒரு பக்கம், தேய்க்காதது ஒரு பக்கம். டீச்சர் வீட்டில் பிள்ளைகள் உட்காருகிற பாய்க்கு இடம் இல்லாமல் போயிற்று. அவள் அன்றைய வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டாள்.

நாத்தனார் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நின்று மேற்பார்வை பார்த்தாள். எல்லாம் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஸ்டூலில் ஏறி, மூன்று பல்பில் இரண்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அதை ஏன் அண்ணி?"

"இல்லாதவங்க வீட்டுல மூணு பல்பு எதுக்கு? ஒண்ணு போதும். இருட்டுல நம்ம முகமும் பாவமாத் தெரியும்."

ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் சதுரமாகத் தூசு தெரிந்தது. அதைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்தாள். வீடு நிஜமாகவே பார்க்கப் பாவமாக இருந்தது. இஸ்திரிக்காரிக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காலை பத்து மணிக்குச் சும்மா நின்று அவளுக்குப் பழக்கமே கிடையாது. இல்லாத மேஜைமேல் இல்லாத சட்டையைத் தடவுவது மாதிரி இரண்டு தடவை கையைக் காற்றில் ஓட்டிவிட்டு, நாத்தனார் முறைத்ததும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்தவள் முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். கோப்பு இல்லை, அதிகாரத் தொனி இல்லை. தோளில் ஒரு பை, பையிலிருந்து தொங்குகிற அளவு டேப், கையில் பலகை மாதிரி ஒரு கணினி. 'வணக்கம்' சொல்லிவிட்டு, வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாடிக்கு ஏணி இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

நாத்தனாருக்கு ஏமாற்றமாகிவிட்டது. இரண்டு பல்பைக் கழற்றியது வீணா?

டேப்புக்காரப் பெண் மாடியில் அரைமணி நேரம் இருந்தாள். நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள், தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எத்தனை மணிக்கு எதுவரைக்கும் வரும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இஸ்திரிக்காரி வாய் தானாகப் பதில் சொல்லிற்று. "மூணு மணிவரைக்கும் வராது. அப்புறம் இந்த ஓரமா ஒரு முழம்." தினம் மாடியில் துணி உலர்த்துகிறவளுக்கு நிழலின் நடை தெரியாதா? அந்தப் பெண் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்து, "வீட்டுல என்னென்ன ஓடுது?" என்று கேட்டாள்.

"என்ன ஓடும்? ஒரு பல்பு, ஒரு ஃபேன்," என்றாள் நாத்தனார். குரலில் மூக்கடைப்பே வந்துவிட்டது.

"வேற?"

"வேற என்னம்மா? எங்ககிட்ட என்ன இருக்கு? நாங்கதான் ஓடிட்டிருக்கோம்."

அந்தப் பெண் விரலால் இரண்டு இடத்தில் தொட்டாள். இஸ்திரிக்காரியிடம் கையெழுத்துப் போடச் சொன்னாள். கண்ணாடிமேல் விரலாலேயே போட்டது. பிறகு இன்னொரு தொடல். பலகை 'டிங்' என்றது.

"அனுப்பியாச்சு. உங்களுக்கு ஒரு பேனல் வரும். அடுத்த மாசமே மாட்டிடுவாங்க."

"ஒண்ணுதானா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"பல்புக்கும் ஃபேனுக்கும் அதுவே ஜாஸ்தி அக்கா."

"இல்ல… ஒருவேளை… பின்னாடி ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினா?"

"தேய்க்கலாமே. ஆனா பெட்டி கேக்குறது ஆயிரம் வாட். நல்ல வெயில்ல இந்தப் பேனல் அதுல பாதிகூடத் தராது. மிச்சம் தெருக் கம்பத்துலேர்ந்துதான் வரும். பில்லு அப்படியேதான் இருக்கும்."

"அப்ப கூட ரெண்டு போடச் சொல்லலாமா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான். வீட்டுல என்ன ஓடுதோ அதை வச்சுத்தான் எத்தனைன்னு முடிவு பண்றோம். முன்னாடியே சொல்லியிருந்தா மூணு எழுதியிருப்பேன். இப்ப மாத்தணும்னா இதை ரத்து பண்ணணும். ரத்து பண்ணினா அடுத்த தவணைக்குப் போயிடும். அது எப்போன்னு எங்களுக்கே தெரியாது."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "ஏம்மா, நீ வசதி பார்க்கத்தானே வந்தே?"

"வசதியா? அதெல்லாம் வருமானச் சான்றிதழ் பார்த்து ஆபீஸ்லயே முடிச்சாச்சே. நீங்க பாஸ். நான் பார்க்க வந்தது மாடியையும், வீட்டுல ஓடற சாமானையும் மட்டும்தான்."

அந்த ஒரு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் குடத்தைப் பார்த்தாள்.

அதற்குள் பலகையில் ஏதோ சிவப்பாக வந்தது. டேப்புக்காரப் பெண்ணின் புருவம் சுருங்கிற்று. "அக்கா, உங்க மீட்டர் மாசம் இருநூறு யூனிட் காட்டுதே. ஒரு பல்பும் ஒரு ஃபேனும் இருபதைத் தாண்டாதே?"

"மீட்டர் பழசும்மா," என்றாள் நாத்தனார். "வேகமா ஓடிடும்."

"பழசானா மெதுவாத்தான் ஓடும்."

"எங்க வீட்டுல வயசானா வேகம்தான். என்னையே பாரு."

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "பக்கத்து வீடும் என் லிஸ்ட்லதான் இருக்கு. வியாழக்கிழமைன்னு போட்டிருக்கோம். வெயில் நல்லா இருக்கு, இன்னைக்கே முடிச்சிடறேன்," என்று வெளியே நடந்தாள்.

நாத்தனாருக்கு நிஜமாகவே மூச்சடைத்தது. இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். பின்கட்டு வழியாகப் போய் டீச்சரை எச்சரிக்கலாம் என்றால், அங்கே தேய்க்கிற மேஜையை வைத்து அடைத்தாயிற்று. இவர்கள் வாசலுக்குப் போவதற்குள் டீச்சர் கதவைத் திறந்துவிட்டாள், அந்தப் பெண் உள்ளேயும் போய்விட்டாள்.

இஸ்திரிக்காரி வாசற்படியில் நின்று பார்த்தாள். தன்னுடைய சாமானெல்லாம் இன்னொருத்தர் வீட்டில் கூடிநிற்பதைப் பார்க்க, யாரோ சொத்துக்காரி வீடு மாதிரிதான் இருந்தது. இரண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. மிச்ச முட்டை கெட்டுவிடுமே என்று டீச்சர் இவர்கள் ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் கொடுத்திருந்தாள்.

"ரெண்டு ஃபிரிட்ஜா மேடம்?"

"ஆமா."

"ரெண்டும் உங்களுதா?"

"என்னுதுதான்," என்றாள் டீச்சர். காது சிவந்துவிட்டது.

"இஸ்திரி மேஜை?"

"என்னுது."

"இத்தனை துணியும்?"

"எனக்கு… துணி ஆசை கொஞ்சம் ஜாஸ்தி."

அந்தப் பெண் மேலே இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். தொடை அகலமான ஆண் பேண்ட். அடுத்ததும் பேண்ட். அதற்கடுத்தது போலீஸ்காரர் காக்கி. டீச்சர் அதைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் தோன்றாமல் மூடிக்கொண்டாள். கோவையாகப் பொய் வராது என்று அவள் முன்னாலேயே சொல்லியிருந்தாளே.

அந்தப் பெண் இப்போது சிரிக்கவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தாள். "உங்க மீட்டர் எழுபதுதான் காட்டுது மேடம். இவ்வளவு சாமானுக்கு எழுபது எப்படிப் போதும்?" கண் சுவர் ஓரமாகப் போயிற்று, மேலே ஏறிற்று, துளையில் நுழைந்து போகிற வயரில் நின்றது. "பக்கத்து வீட்டுல ஒண்ணுமே இல்ல, ஆனா மீட்டர் இருநூறு ஓடுது. இங்க எல்லாம் இருக்கு, மீட்டர் ஓடல. நடுவுல ஒரு வயர். இது என்ன வயர்?"

"மணி வயர்."

"என்ன மணி?"

"எனக்கு முடியலைன்னா அழுத்துவேன்."

"மேடம், நான் இதை அப்படியே விட்டுட்டுப் போகமுடியாது. கரண்ட் திருட்டுன்னு சந்தேகம் வந்தா அந்தப் பிரிவுக்கு எழுதியே ஆகணும். விசாரணை முடியறவரைக்கும் உங்களுக்குச் சோலார் கிடையாது. இணைப்பையே துண்டிச்சாலும் துண்டிப்பாங்க."

டீச்சர் அப்போதும் பேசவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று அல்லவா? கையைப் பிசைந்துகொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில், கணக்குத் தெரியாமல் எழுந்து நின்ற பிள்ளை மாதிரி நின்றாள்.

இஸ்திரிக்காரி உள்ளே காலை வைத்தாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காதோரம் பல்லைக் கடித்தாள். "சும்மா இரு. ஒண்ணாவது வருது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடும். டீச்சருக்கு நாளைக்கு வேற ஏதாவது சொல்லிக்கலாம்."

"நாளைக்கு என்னத்தச் சொல்றது அண்ணி? கரண்டைப் புடுங்கினா பொத்தானை அழுத்தினாலும் மணி அடிக்காது," என்றாள் இஸ்திரிக்காரி. சத்தம் போடவில்லை. கையை உதறவும் இல்லை, மெதுவாக உருவிக்கொண்டாள்.

"மேடம், இதெல்லாம் என்னோடது."

டேப்புக்காரப் பெண் திரும்பினாள். "எதெல்லாம்?"

"அந்த வெள்ளை ஃபிரிட்ஜ், டிவி, மேஜை, பெட்டி, துணி எல்லாம். காலையில நாங்கதான் தூக்கிட்டு வந்து வச்சோம். நீங்க வசதி பார்க்க வர்றீங்கன்னு நினைச்சுட்டோம். டீச்சருக்கு இதுல ஒண்ணும் இல்ல. என்னுதுன்னு சொல்லுங்கன்னு நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம்."

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?" அந்தப் பெண் நம்பவில்லை. நம்புவாளா? பத்து நிமிஷத்துக்கு முன்னால்தானே ஒரு பல்பு, ஒரு ஃபேன் என்று இதே இரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்திப் பேசுவீங்க?"

இஸ்திரிக்காரி மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவி, காலரை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். பச்சை நூலில் இரண்டு சின்னத் தையல். "இது பேக்கரிக்காரர். பேர் எழுதினா வெளுத்துப் போயிடும், நூல் போகாது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் வச்சிருக்கேன். நீங்களே எடுங்க. நான் பார்க்காமச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

டேப்புக்காரப் பெண் ஒன்றை எடுத்தாள். "நீலம். ஒரு தையல்."

"போஸ்ட்மேன். இடது முழங்கை நைஞ்சிருக்கும், அங்க நான் அழுத்தித் தேய்க்கமாட்டேன்."

நைந்துதான் இருந்தது.

"சிவப்பு, மூணு."

"மருந்துக்கடை. வெள்ளைக் கோட்டு. மேல் பையில பேனா மசி."

"மஞ்சள், குறுக்குத் தையல்."

"போலீஸ்காரர். மடிப்பு கத்தி மாதிரி இருக்கணும்னு கேப்பார். அவர் அம்மாவோடது மஞ்சள், நேர்த் தையல்."

இப்படி ஏழெட்டு எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கே அது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. நாத்தனார்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்தும் அவளுக்கு இந்த நூல் விஷயம் தெரியாது. கடைசியில் நூலே இல்லாத ஒரு புடவை வந்தது.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"நூல் இல்லைன்னா அது டீச்சரோடதுதான். அவங்ககிட்ட நான் கூலி வாங்கறதில்ல."

டேப்புக்காரப் பெண் புடவையை மடித்துத் திரும்ப வைத்தாள். அவள் மடித்த விதத்தைப் பார்த்து இஸ்திரிக்காரிக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். பெண் மணி வயரை ஒரு தடவை கிட்டப்போய்ப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம், காலியான வீட்டில், மணி அடித்தது. போதும் என்பது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"டீச்சர் மேடம், உங்க பேர்ல ஒண்ணும் எழுதலை. உங்களுக்கு ஒரு ஃபிரிட்ஜ், ரெண்டு பல்பு, ஒரு ஃபேன். சரியா?"

"சரி," என்றாள் டீச்சர். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அருகிலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் கோட்டு நசுங்கிற்று.

"ஆனா உங்களோடது அனுப்பியாச்சு அக்கா. நீங்களே இப்ப தப்புன்னு சொல்லிட்டீங்க, நான் ரத்து பண்ணியாகணும். அடுத்த தவணைதான். வருத்தமா இருக்கு."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"பொய் சொன்னதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று நாத்தனார் வாசலிலிருந்தே கேட்டாள். கேட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அதுக்கு என் ஃபாரத்துல இடம் இல்லம்மா." அந்தப் பெண் பலகையைத் துடைத்து, புதிதாக ஒன்றைத் திறந்தாள். "இருக்கிற நேரத்துல அடுத்த தவணைக்கு ஒழுங்கா எழுதிட்டுப் போறேன். மறுபடி யாரும் அளக்க வரவேண்டியதில்ல. முதல்ல தொழில். 'வீட்டு வேலை'ன்னு இருக்கு."

"இஸ்திரி," என்றாள் அவள். "வீட்டுலயே வச்சுப் பண்றேன். பத்தொன்பது வருஷமா."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தேய்க்கிறீங்க?"

யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னாள். எந்த நேரத்தில் பருத்தி, எந்த நேரத்தில் கனத் துணி, பெட்டி சூடேற எத்தனை நிமிஷம் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில் 'மூன்று பேனல்' என்று எழுதி, அவளுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினாள்.

அடுத்த மாதம் டீச்சர் வீட்டு மாடியில் பேனல் ஏறிற்று. "பகல்ல என் வீட்டுல வந்து தேயேன்," என்று டீச்சர் கூப்பிட்டாள். "உங்களோடது ஒரு ஃபிரிட்ஜ் அளவுதான் டீச்சர், என் பெட்டி அதை ஒரே வாயில முழுங்கிடும்," என்று இஸ்திரிக்காரி சிரித்தாள். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் கட்டணம் மறுபடி ஏறியது. அவள் பன்னிரண்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, காலை ஷிப்டுக்குச் சோப்புக் கம்பெனிக்குப் போனாள். தூளின் நெடி தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் அவளுக்கு ஜன்னலோரமாக, காற்று வருகிற மேஜையைக் கொடுத்தாள். பக்கத்து மேஜைக்காரி, "என்ன, சொந்தக்காரின்னா ஜன்னலா?" என்று கேட்டதற்கு, "ஆமாண்டி, என்ன இப்ப?" என்றாள். அந்த வாய் மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஜன்னலோரத்து மேஜையை வாங்கிக்கொண்டு இஸ்திரிக்காரியும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து இரண்டு ஆட்கள் வந்து மூன்று பேனலையும் மாட்டிவிட்டுப் போனார்கள். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. வெயிலிலிருந்து எவ்வளவு வருகிறது, தெருவிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அதில் எண் ஓடும். முதல் வாரம் முழுக்க இஸ்திரிக்காரி துணியைப் பார்த்ததைவிட அந்த எண்ணைப் பார்த்ததுதான் அதிகம். பத்து மணிவரைக்கும் மெல்லிய சட்டை, பத்திலிருந்து இரண்டுவரைக்கும் பேண்டும் கோட்டும், மூன்று மணிக்கு நிழல் எட்டிப் பார்த்ததும் கைக்குட்டை, தலையணை உறை. சோப்புக் கம்பெனிக்கு அவள் இனி வரமாட்டாள் என்று நாத்தனாரே சொல்லிவிட்டாள். விட்ட வீடுகளில் பத்து திரும்பி வந்தன. மற்றவர்கள் வேறு ஆள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு என்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். கீழே போலீஸ்காரர் பேண்ட்மேல் பெட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஏய், நிறுத்து நிறுத்து!" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. "பெரிய மேகமா ஒண்ணு வருது! பேண்டை வச்சுட்டு கைக்குட்டையை எடு!"

"எவ்வளவு நேரம் இருக்கும் அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? அதுகிட்டயே கேட்டுச் சொல்றேன், இரு."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மேகம் போகிறவரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.